வீட்டுக்குள் வந்த அச்சகம்

1961-ல் நம் நெய்வேலிச் சுரங்கத்தில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட காலத்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமென்றால் எழுத்துக் கோர்க்கும் அச்சகத்துக்குத்தான் போக வேண்டும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. பெரிது, சிறிது என்று இரண்டு வகை. தமிழுக்கோ 247 எழுத்து. கி, கீ, கு, கூ என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஈய அச்சுகள் வேண்டும். அதோடு இயந்திரம், இடம், ஆள். சாமானியர் நினைத்துப் பார்க்க முடியாத முதலீடு அது.

இந்தக் கதவைத் திறந்து விட்டது ஸ்கிரீன் பிரிண்டிங்.

வெட்டிய காகிதத்தின் வழியே துணியில் வண்ணம் ஏற்றுவது ஜப்பானியரின் பழைய கலை. 1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், பட்டுத் திரை வழியாக அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு பட்டு போய் நைலானும் பாலியெஸ்டரும் வந்தன.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். ஒரு மரச்சட்டம், அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய சல்லடைத் துணி, மை, மையை இழுக்க மரப்பிடி போட்ட ரப்பர் பட்டை, துடைக்க மண்ணெண்ணெய். துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையை இருட்டறையில் தடவிக் காயவைப்பார்கள். டிரேசிங் பேப்பரில் கறுப்பு மையால் எழுதியதை அதன்மேல் வைத்து வெயிலிலோ டியூப்லைட்டிலோ காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். எழுத்து மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடும். அவ்வளவுதான், அச்சு தயார். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம்.

இதில் ஈய எழுத்தே கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஓவியர் கையால் எழுதிய தலைப்பு, பிள்ளையார் படம், யாருடைய கையெழுத்து என்றாலும் அப்படியே அச்சாகும். தமிழுக்கு 247 எழுத்து என்பது இங்கே ஒரு பாரமே இல்லை. காகிதம் மட்டுமா? துணி, கண்ணாடி, பிளாஸ்டிக், தகரம் எதன்மேலும் அடிக்கலாம். வேலை முடிந்து வந்து மாலையில் குவார்ட்டர்ஸ் அறையில் கணவர் மை இழுக்க, மனைவி அட்டைகளைக் காயப் பரப்ப, பிள்ளைகள் எண்ணி அடுக்க, ஒரு குடும்பமே அச்சகமானது. அந்த உபரி வருமானத்தின் அருமை நம் தலைமுறைக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பசையில் கலந்த ஆரஞ்சு நிற டைக்ரோமேட் உப்பு நச்சுத்தன்மை கொண்டது. தோல் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். கையுறை இல்லாமல் கலக்கியவர்கள் ஏராளம். இப்போது அந்த உப்பு இல்லாத பசைகளே கிடைக்கின்றன. பேரன் பேத்திகள் ஆசைப்பட்டால் அதையே வாங்கிக் கொடுங்கள்.

கணினியும் ஃபிளெக்ஸும் வந்தபின் பல சட்டங்கள் பரணுக்குப் போயின. ஆனால் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரை அடிக்க இன்றும் இந்த முறைதான் கைகொடுக்கிறது. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை இருக்கும்வரை அதன்மேல் பெயர் எழுத ஒரு மரச்சட்டமும் இருக்கும். உங்கள் பரணில் ஒன்று கிடந்தால், தூசி தட்டி வையுங்கள்.