ஒரு நோய்ப்பெயரும் மேற்கோள் குறியும்: லூசி வில்ஸின் ஆய்வுப் பணி

1. முன்னுரை

நோய்ப்பெயர்கள் நோயைச் சுட்டுவதோடு, அவை சூட்டப்பட்ட காலத்து அறிவின் எல்லையையும் காட்டுவன. தமிழில் வழங்கும் 'பாண்டு' என்பது வெளிறிய நிறத்தால் அமைந்த பெயர். காரணத்தை அது கூறுவதில்லை. இவ்வெல்லையை அறியாது மொழிபெயர்ப்போர் பழைய மயக்கத்தையும் உடன் பெயர்த்துவிடுகின்றனர். கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவ அறிவியலர் லூசி வில்ஸின் (1888–1964) பணி இதற்குத் தக்க சான்றாகும்.

2. கல்வியும் களமும்

வில்ஸ் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911இல் தேர்வுகளை முடித்தார். அப்பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு முழு உரிமையுடைய பட்டம் 1948இல்தான் கிடைத்தது. பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்று 1920இல் தகுதி பெற்ற அவர், ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் வேதிநோயியல் ஆய்வை மேற்கொண்டார். 1928இல் இந்தியா வந்து, பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் பேறுகால இறப்புக்குக் காரணமாயிருந்த கடுஞ்சோகையை ஆராயத் தொடங்கினார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என வழங்கும் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது.

3. பெயரின் மயக்கம்

அக்காலத்தில் இந்நோயைக் 'கருவுற்றோரின் பெர்னீசியஸ் அனீமியா' என்றனர். 'பெர்னீசியஸ்' என்பதற்கு 'அழிவு தருவது' என்பது பொருள். ஈரல் உணவால் பெர்னீசியஸ் அனீமியா தணியும் என்பதை மினாட்டும் மர்ஃபியும் 1926இல் காட்டியிருந்தனர். இருவகை நோயிலும் செவ்வணுக்கள் பருத்துக் காணப்பட்டமையால் ஒரே பெயர் இரண்டுக்கும் பொருந்திற்று. 'கருவுற்றோரின்' என்னும் அடை, இது அந்நோயின் ஒரு வகையே என்ற கருத்தையும் உடன் தந்தது.

வில்ஸ் 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் இப்பெயர் மேற்கோள் குறிக்குள் அமைந்துள்ளது. வழக்கில் உள்ள பெயரைப் பயன்படுத்தியும் அதன் பொருத்தத்தை ஏற்காமலும் நிற்கும் நிலையை அக்குறி உணர்த்துகிறது எனலாம். சத்துக்குறைவான உணவு உண்ட ஏழைப் பெண்களுக்கு மார்மைட் என்னும் ஈஸ்ட் சாறு பயன் தந்தது என்பதே அக்கட்டுரையின் முடிவு. மார்மைட் மதுவடிப்பு ஆலைகளின் எச்ச ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் எளிய பொருளாகும்.

1937இல் வில்ஸும் உடனாய்வாளர்களும் லான்செட் இதழில் மேலும் ஒன்றைக் காட்டினர். பெர்னீசியஸ் அனீமியாவைத் தணிக்கும் தூய ஈரல் சாறு இச்சோகையைத் தணிக்கவில்லை. தூய்மைப்படுத்தாத சாறே தணித்தது. எனவே ஒரு பெயரின் கீழ் இருவேறு குறைபாடுகள் இருந்தமை புலனாயிற்று.

4. புதிய பெயர்கள்

ஈஸ்ட் சாற்றிலிருந்த அறியப்படாத பொருள் 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. 1941இல் பசலைவகைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்த அமெரிக்க ஆய்வாளர்கள், இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்னும் இலத்தீன் சொல்லின் அடியாக அதற்கு 'ஃபோலிக் அமிலம்' எனப் பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தபின் 'வில்ஸ் காரணி' வழக்கொழிந்தது. மற்றொரு குறைபாட்டுக்குரிய பி12 உயிர்ச்சத்து 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தால் இரத்தம் சீர்படும். நரம்புச் சிதைவோ மறைந்து வளரும். மறுபுறம், கருத்தரிப்புக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் சிசுவின் நரம்புக்குழல் குறைகள் பெருமளவு தவிர்க்கப்படும் என்பதை 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் சோதனை நிறுவிற்று.

5. முடிவுரை

இரண்டையும் பொதுவாகச் 'சத்து மாத்திரை' என்றோ 'சோகை மருந்து' என்றோ தமிழாக்குவது, வில்ஸ் பிரித்தறிந்ததை மீண்டும் ஒன்றாக்குவதாகும். பழைய மருத்துவ நூலைப் பெயர்ப்போர் அது எழுந்த ஆண்டை முதலில் நோக்குதல் வேண்டும். மூலத்தில் மேற்கோள் குறி இருப்பின் அதனை அச்சமைப்பாகக் கருதிக் கைவிடாது, பொருளின் கூறாகவே கொள்ளுதல் வேண்டும்.