கிணற்றில் கிடந்த 190 சில்லுகள்

ஏதென்ஸ் நகரத்துக் களிமண்ணில் இரும்பு அதிகம். சூளையில் வெந்ததும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். இந்த மண்ணில்தான் கெராமெய்க்கோஸ் பகுதிக் குயவர்கள் மதுக்கிண்ணம் வனைந்தார்கள். கிண்ணம் தனி, அதைத் தாங்கும் அடிக்கால் தனி. பிறகு இரண்டையும் ஒட்டுவார்கள். கிண்ணம் உடைந்தாலும் வட்டமான அடிக்கால் பெரும்பாலும் முழுசாக மிஞ்சும். பெயர் கீற அதைவிடத் தோதான ஓட்டாஞ்சில்லு கிடையாது.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்டுக்கொருமுறை அந்நகர மக்கள் சபை கேட்கும்: இந்த ஆண்டு யாரையாவது வெளியேற்ற வேண்டுமா? வேண்டும் என்று கைகள் உயர்ந்தால், பின்னொரு நாள் குடிமக்கள் அகோரா என்னும் சந்தைவெளியில் கூடி, ஆகாதவர் பெயரைச் சில்லில் கீறிப் போடுவார்கள். வெளியேற்றம் நடக்க 6,000 சில்லுகளாவது விழ வேண்டும். சிக்கியவர் 10 ஆண்டு ஊர் திரும்ப முடியாது. ஆனால் சொத்து அவருடையதே. ஒருவர் கையில் அதிகாரம் குவியாமலிருக்க, ரத்தம் சிந்தாமல் அவர்கள் கண்ட வழி இது. அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் பெண்களும் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் சில்லு போட முடியாது. குயவர்களில் பலர் அப்படிக் குடியேறியவர்களே. சில்லுக்கு மண் பிசைந்த கைக்கே அதில் கீற உரிமை இல்லாமல் போனது என்னை உறுத்துகிறது.

1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் தொல்லியலாளர் ஆஸ்கர் புரோனீர் அகழ்ந்தபோது, பழைய கிணறொன்றில் 190 சில்லுகள் கிடைத்தன. பல, மதுக்கிண்ண அடிக்கால்கள். கீறியிருந்த பெயர் தெமிஸ்டோக்ளிஸ், கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடிக்க வழிகாட்டியவர். எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அத்தனையையும் கீறியவர்கள் ஏறக்குறைய 14 பேர்தான் என்று தெரிந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு உதவியாக இருக்கலாம் என்பாரும் உண்டு. எனக்கோ, எதிரணி முன்கூட்டியே தயாரித்து, விநியோகித்ததுபோக மிஞ்சியதைக் கிணற்றில் கொட்டியதாகவே படுகிறது. தெமிஸ்டோக்ளிஸ் பிற்பாடு வெளியேற்றப்பட்டு, கடைசியில் பாரசீக அரசரிடமே அடைக்கலம் புகுந்தார்.

கெராமெய்க்கோஸில் கிடைத்த ஆயிரக்கணக்கான சில்லுகளில் ஒன்று, கிமோன் என்ற தலைவரிடம் சகோதரி எல்பினிக்கேயையும் கூட்டிக்கொண்டு கிளம்பச் சொல்கிறது. வசைதான், ஆனாலும் கீறியவரின் சொந்தக் கோபம் அதில் இருக்கிறது.

கி.மு. 416 வாக்கில் அல்கிபியாடிஸ், நிகியாஸ் என்ற இரு தலைவர்களுக்கும் வெளியேற்றப்படும் ஆபத்து வந்தது. இரு தரப்பும் கைகோத்து, தங்கள் சில்லுகளை ஹைபர்போலஸ் என்ற மூன்றாமவர் பக்கம் திருப்பிவிட்டன. அவர் போனார். அதற்குப் பிறகு ஏதென்ஸில் இந்தச் சில்லு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.