திண்டுக்கல் கோட்டை சொல்லும் தவறுகளின் வரலாறு

சாணார்பட்டியிலிருந்து நத்தம் சாலை வழியே திண்டுக்கல்லை நோக்கி வருகின்றவர்களுக்கு, நகரை அணுக அணுக ஒரு மொட்டைப் பாறை தலைதூக்குவது தெரியும். அதன் உச்சியில் நாயக்கர் காலத்தில் எழுந்து, பின்னர் மைசூராரால் வலுப்படுத்தப்பட்ட கோட்டை நிற்கிறது. பாறையின் கீழே பேகம்பூரில், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் பள்ளிவாசல் இருக்கிறது. இவ்விரண்டையும் கண்டு திரும்புகிற நம்மவர்கள் ஹைதரின் வீரத்தையும் திப்புவின் தியாகத்தையும் பேசி மகிழ்வது வழக்கம். அம்மகிழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு. எனினும், அவ்வீரர்கள் எங்கே தவறினார்கள், தவறியபின் என்ன செய்தார்கள் என்று கேட்பதை ஏனோ நாம் மரியாதைக் குறைவாகக் கருதி வந்திருக்கிறோம். அக்கேள்வியையே இங்கே எழுப்ப விழைகிறோம்.

முதலில் நெடுந்தொலைவு செல்வோம். பஸ்ராவில் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தத் தம்மால் இயலும் என்று கூறியதாகவும், எகிப்தின் கலீஃபா அல்ஹாகிம் அவரை வரவழைத்துப் பணியை ஒப்படைத்ததாகவும் வரலாற்றாசிரியர் எழுதுவர். நதியோரம் தெற்கே பயணம் செய்து பார்த்தபோதுதான் தம் கணக்குத் தவறு என்பது அவருக்குப் புலப்பட்டது. மன்னரின் சினத்துக்கு அஞ்சிச் சித்தம் கலங்கியவர்போல் நடித்து, 1021-ல் அல்ஹாகிம் மறையும்வரை வீட்டுச் சிறையில் கிடந்தார் என்பர். ஒளியைப் பற்றிய பெருநூலை உலகுக்குத் தந்தவரும், கிரேக்க அறிஞர் தாலமியின் கூற்றுகள்மீது ஐயங்களை எழுப்பித் தனி நூல் யாத்தவரும் இவரே. தவறிய அறிஞர் தம் தவறின் விலையைத் தாமே செலுத்தினார். அரசர்களின் தவறுகளோ இவ்விதமல்ல.

திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம். 1755-ல் இச்சீமையின் பாளையக்காரர்களை அடக்குவதற்காக ஃபவுஜ்தாராக அனுப்பப்பட்ட ஹைதர், பிரெஞ்சுத் தொழில்நுட்பவாதிகளைக் கொண்டு இங்கே படைக்கலச் சாலை அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குக் கணக்கு வழக்குகளில் துணையாக இருந்தவர் கந்தே ராவ். ஐந்தே ஆண்டுகளில் ஹைதர் மைசூரின் தலைவிதியை நிர்ணயிக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டார். அந்த உயரத்தில் நின்றுதான் அவர் தவறினார். 1760-ல் புதுச்சேரியில் முற்றுகையிடப்பட்டிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவத் தம் மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் பெரும்படையை அனுப்பிவிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சொற்பக் காவலோடு தங்கியிருந்தார். நம்பிய கந்தே ராவே மைசூர் அரண்மனையோடு சேர்ந்து அவர்மீது பீரங்கிகளைத் திருப்பினார். குடும்பத்தைப் பின்னே விட்டுவிட்டு, இரவோடிரவாக ஆற்றைக் கடந்து பெங்களூருக்கு ஓடவேண்டியதாயிற்று.

மறு ஆண்டிலேயே ஹைதர் மீண்டுவந்தார். பிடிபட்ட கந்தே ராவைக் கிளியைப்போல் பேணுவதாக வாக்களித்து, இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் அளித்தார் என்றொரு கதை உண்டு. இக்கதையைச் சுவைத்துப் பேசுகிறவர்கள், படையை வெளியே அனுப்பிய பிழையை மறந்துவிடுகிறார்கள். ஹைதர் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. அதன்பின் அவர் இறக்கும்வரை எவரும் அவரை அவர் தலைநகரிலேயே அவ்வாறு தனியாகப் பிடிக்க முடிந்ததில்லை. 1769-ல் சென்னையின் வாயிலில் நின்று ஆங்கிலேயரிடம் உடன்படிக்கை பெற்றார். மராத்தியர் படையெடுத்தபோது அவ்வுடன்படிக்கையின்படி உதவி வரவில்லை. கும்பெனியாரின் கையெழுத்தின் மதிப்பை அறிந்துகொண்ட அவர், 1780-ல் கர்நாடகச் சமவெளியில் இறங்கியபோது கையெழுத்தை நம்பி வரவில்லை. அவ்வாண்டு பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்றோவின் பெரும்படை காஞ்சிபுரத்திலேயே இருந்தும் உரிய நேரத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை.

திப்புவின் காலத்துக்கு வரும்போது நம் எழுதுகோல் சற்றே தயங்குகிறது. ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும். டச்சுக்காரர்கள் கொடுங்கல்லூர்க் கோட்டையைத் திருவிதாங்கூர் மன்னருக்கு விற்றதில் திப்புவுக்குச் சினம் மூண்டது நியாயமாக இருக்கலாம். ஆனால் 1789 டிசம்பர் 29 அன்று நெடுங்கோட்டை அரணைத் தாக்கிய முடிவு, திருவிதாங்கூர் கும்பெனியின் நேச நாடு என்பதை அறிந்தே எடுக்கப்பட்டது. அரணின்மீது ஏறிய படை, எதிர்பாராத துப்பாக்கிச் சூட்டில் நிலைகுலைந்து அகழியில் விழுந்து மடிந்தது. சுல்தானே அரிதின் உயிர் தப்பினார். போர் தொடுக்கக் காரணம் தேடிய காரன்வாலிஸுக்கு அக்காரணம் எளிதில் கிட்டியது. மறு ஆண்டே நிஜாமும் மராத்தியரும் ஆங்கிலேயரோடு கைகோத்தனர். மூவரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டது போர்க்களத்தில் நேர்ந்த பிழையன்று. ஆலோசனை மண்டபத்தில் நேர்ந்த பிழை.

அப்பிழையின் அலை திண்டுக்கல் பாறையில் வந்து மோதியது 1790 ஆகஸ்டு மாதத்தில். கர்னல் ஸ்டூவர்ட் கோட்டையை முற்றுகையிட்டார். போதிய குண்டுகளைக் கொண்டுவராமலேயே வந்துவிட்டார்! சுவரில் முழுமையான பிளவு ஏற்படுமுன் குண்டுகள் தீரும் நிலை வந்தது. வேறு வழியின்றி அரைகுறைப் பிளவின் வழியே தாக்குதலுக்கு ஆணையிட்டார். கோட்டையினர் உறுதியோடு போராடித் தாக்குதலை முறியடித்தனர். போர் நூல்களின் நியதிப்படி பார்த்தால் அன்றிரவு கலங்கவேண்டியவர் ஸ்டூவர்ட்தான். ஆனால் கலங்கியவர்கள் கோட்டையினர். அத்தகைய தாக்குதல் மறுநாளும் வரும் என்று அஞ்சி இரவிலேயே வீரர்கள் நழுவத் தொடங்கினர். பொழுது விடிந்ததும் கோட்டை பணிந்தது. எதிரியின் வெடிமருந்து வண்டிகள் வெறுமையாகிக்கொண்டிருந்ததை அவர்கள் அறியவில்லை. வென்றவர்கள் தங்கள் வெற்றியைத் தோல்வியாகக் கணக்கிட்டுவிட்டார்கள். ஸ்டூவர்ட்டின் பிழையை அதனினும் பெரியதோர் பிழை காப்பாற்றியது. இம்முற்றுகையைப் படிக்கும்போதெல்லாம், வென்றவனின் திறமையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் எத்தனை பக்கம் நிலைக்கும் என்று நாம் எண்ணிப்பார்ப்பதுண்டு.

காரன்வாலிஸின் கதை வேறு. 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்து அவமானப்பட்டவர் அவர். 1791 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகுவரை வந்துவிட்டார். மழை தொடங்கியது, வண்டிமாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன, தானியம் இல்லை. தம் கோட்டை உடைக்கும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். அடுத்த சில மாதங்களை அவர் போரில் செலவிட்டதைவிட மாடுகளையும் தானியத்தையும் சேர்ப்பதிலும், வழியிலிருந்த மலைக்கோட்டைகளைப் பிடிப்பதிலுமே அதிகம் செலவிட்டார். 1792 பிப்ரவரியில் மீண்டும் வந்தபோது பசியால் திரும்பவில்லை. மார்ச்சில் திப்பு தம் நாட்டில் பாதியையும், மூன்று கோடியே முப்பது லட்ச ரூபாயையும், பிணையாக இரு மைந்தர்களையும் கொடுக்கவேண்டியதாயிற்று. திண்டுக்கல் சீமை கும்பெனியின் கைக்கு நிரந்தரமாகச் சென்றது.

இஜ்திஹாதைப் பற்றிப் பேசும் மார்க்க அறிஞர்கள், முயன்று ஆராய்ந்து முடிவெடுத்தவன் தவறினாலும் அவன் முயற்சிக்குக் கூலி உண்டு என்பர். தவறுக்கு மன்னிப்பு உண்டு என்ற பாதியை மட்டும் நினைவில் வைத்து, முயன்று ஆராய்தல் என்ற நிபந்தனையை நாம் விட்டுவிடுகிறோம். பகைவனே ஆயினும், 1791-ல் அந்த ஆராய்ச்சியைச் செய்தவன் காரன்வாலிஸ்தான்.

இனி வென்றவர்களின் தவறு. கோட்டையைப் பிடித்தவர்களுக்கு நிலத்தைப் பிடிக்கத் தெரியவில்லை. வங்காளத்தில் காரன்வாலிஸ் 1793-ல் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தை, 1802-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். பெரும் ஆறுகள் பாயும் வங்காளம் எங்கே, சிறுமலைச் சாரலில் வானத்தையும் கிணற்றையும் கண்மாயையும் நம்பிக் கம்பும் சோளமும் விளைவிக்கிற புன்செய்ச் சீமை எங்கே! திண்டுக்கல் பகுதியை மிட்டாக்களாகக் கூறுபோட்டு விற்றனர். விதித்த வரியோ நிலம் தாங்கக்கூடியதாக இல்லை. சில ஆண்டுகளுக்குள் மிட்டாதாரர்கள் பாக்கிதாரர்களானார்கள். மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின. பின்னர்க் கிராமக் குத்தகை முறையைச் சோதித்தனர், அதுவும் நிலைக்கவில்லை. பாராமகாலில் குடியானவர்களோடு நேரடியாகக் கணக்குப் பேசி அனுபவம் பெற்ற தாமஸ் மன்றோ, 1820-ல் சென்னையின் கவர்னராக வந்தபின்னரே ரயத்துவாரி முறை மாகாணத்தின் பொதுமுறையாக வேரூன்றியது.

நிர்வாக நூல்கள் இதனைப் படிப்படியான முன்னேற்றம் என்று எழுதுகின்றன. ஒருவகையில் அது சரியே. ஒவ்வொரு முறையும் தோற்றபின்தான் அடுத்த முறை பிறந்தது. ஆனால் தோற்ற முறையை வகுத்த கலெக்டர்கள் வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போனார்கள். மிட்டாதாரருக்கும், பிறகு குத்தகைதாரருக்கும், அதற்கும் பிறகு சர்க்காருக்கு நேரடியாகவும் கிஸ்தி கட்டியவர்கள் இதே நத்தம் சாலையின் இருமருங்கிலும் ஏர்பூட்டிய குடியானவர்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கோட்டைச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை.