மலரை எழுதிய எழுத்துகள்

1960இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்ற செம்பருத்தியை, 1753ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் தம் நூலில் வகைப்படுத்தி வைத்தார். மகரந்தத்தாள்கள் ஒரே கற்றையாய் இணைந்திருத்தலே அவர் அதன் வகுப்பைத் துணியக் கொண்ட அடையாளம். ஏனைய உறுப்புகளை இலத்தீன் சொற்றொடர்களே விளக்கின. பூவின் முழு அமைப்பையும் ஒப்பிட்டுத் தாவரங்களைக் குடும்பங்களாக வகுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றியபோது, சொல் மட்டும் போதவில்லை. மலர் வரைபடமும் மலர் வாய்பாடும் அத்தேவையால் வளர்ந்தன. ஜெர்மானியரான ஐக்லர் 1875, 1878 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட நூல், வரைபடக் கலையின் பெருநூலாகும்.

வரைபடம் என்பது அரும்பைக் குறுக்கே அரிந்து நோக்கினாற் போன்ற தோற்றம். உச்சியிலுள்ள சிறுவட்டம் தாய் அச்சு. அடியிலுள்ளது பூவடிச் செதில். இவ்விரண்டையும் முதலில் காணாதவர் மலரின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றறியார். மாணவர் பெரும்பாலும் இடறுமிடம் இதுவே. பின்னர் வெளியிலிருந்து உள்ளே செல்லலாம். செம்பருத்தியில் முதற்கண் புறப்புல்லி வட்டம்; அடுத்து, விளிம்போடு விளிம்பு தொட்டு இணைந்த ஐந்து புல்லியிதழ்கள்; அப்பால், ஒரு விளிம்பு மேலும் மறுவிளிம்பு கீழுமாகத் திருகியமைந்த ஐந்து அல்லியிதழ்கள்; நடுவே மகரந்தத்தாள் குழலும் ஐந்தறைச் சூலகமும்.

வாய்பாடு இதனை ‘கே(5) சி5 ஏ(∞) ஜி(5)’ என ஒரு வரியில் அடக்கும். அடைப்புக்குறி இணைவைக் காட்டும். சி அதனைப் பெறாமையால் அல்லியிதழ்கள் தனித்தவை. இதழ்களின் திருகமைவை வாய்பாடு சொல்லாது. சூலகம் மேல்மட்டத்தது என்பதை வரைபடம் சொல்லாது. ஜியின் கீழிடும் கோடே சொல்லும். ஆதலின் ஒன்று மற்றொன்றின் சுருக்கமன்று.

மொழி பயில்வோர்க்கு இவ்வரி வேறொரு சுவையும் தரும். இலத்தீன் எழுத்துமுறையில் புல்லிவட்டம், அல்லிவட்டம் ஆகிய இரண்டின் பெயர்களும் சியில் தொடங்குவன. அல்லிவட்டம் அவ்வெழுத்தைக் கொண்டது. புல்லிவட்டத்திற்குக் கே வாய்த்தது. அதன் கிரேக்க மூலச்சொல்லும் ஜெர்மானியச் சொல்லும் கேயிலேயே தொடங்குகின்றன. ஏயும் ஜியும் ‘ஆண் இல்லம்’, ‘பெண் இல்லம்’ எனப் பொருள்படும் கிரேக்கவழிச் சொற்களின் முதலெழுத்துகள்.

தமிழகப் பாடநூல்கள் புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என இனிய சொற்களைத் தந்தன; வாய்பாட்டின் எழுத்துகளை மட்டும் பெயர்க்காமல் விட்டன. பு, அ, ம, சூ என எழுதலாகாதா என வினவத் தோன்றும். எனக்கு அது உடன்பாடன்று. எந்நாட்டு மாணவரும் ஒருங்கே படிக்கத்தக்க வரியை நாம் ஏன் தனித்து ஒதுக்க வேண்டும்? எழுத்து வந்த வழியைக் கூறாமல் மனப்பாடம் செய்விப்பதே குறை. நான் பயின்ற வகுப்பில், கே எச்சொல்லின் முதலெழுத்து என ஒரு மாணவன் வினவினான். “அப்படியே எழுது” என்பதே கிடைத்த விடை.