இரைச்சலுக்குள்ள ஒரு சிக்னல்

இன்னைக்கு ஒரு மென்பொருளோட கதை. ஆனா அது ஒரு கூரையில தொடங்குது.

அமெரிக்காவுல ஜோ டெய்லர்னு ஒரு பையன். அவருக்கும் அவர் சகோதரருக்கும் அமெச்சூர் ரேடியோ பைத்தியம். வீட்டுக் கூரைமேல பெரிய பெரிய ஆன்டெனா ஏத்தினாங்க. ஒரு தடவை செங்கல் புகைபோக்கியே பெயர்ந்து விழுந்துடுச்சு!

அந்தப் பையன்தான் பிறகு வானியற்பியலாளர் ஆனார். 1974-ல ரஸ்ஸல் ஹல்ஸோட சேர்ந்து இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடிச்சார். 1993-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. இரைச்சலுக்கு நடுவுல மெல்லிய துடிப்பைத் தேடிப் பிடிக்கிறதுதான் அவர் வேலை.

1990-களோட கடைசியில இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மார்ட்டினெஸ் உருவாக்கின பி.எஸ்.கே.31 பிரபலமாச்சு. ரேடியோவையும் கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டையும் இணைச்சா, தட்டச்சு பண்ணியே உலகத்தோட பேசலாம். டெய்லர் அடுத்த படிக்குப் போனார். 2001-ல டபிள்யூ.எஸ்.ஜே.டி. மென்பொருளை வெளியிட்டார். எரிகல் விட்டுட்டுப் போற தடத்துல பட்டுத் திரும்பும் நொடி நேர சிக்னலைக்கூட அது படிச்சுடும். நிலாவுல பட்டு எதிரொலிக்கிற சிக்னலுக்கும் பிறகு வழி வந்தது. 2005-ல அதோட நிரலையும் எல்லாருக்கும் திறந்து விட்டார்.

2017-ல ஸ்டீவ் ஃபிராங்கேயோட சேர்ந்து எஃப்.டி.8. 15 நொடிக்கு ஒரு குட்டிச் செய்தி. இரைச்சலைவிட நூறு மடங்கு வலு குறைஞ்ச சிக்னலையும் கண்டுபிடிச்சிடும். பெரிய ஆன்டெனா வைக்க இடமில்லாத அபார்ட்மென்ட்வாசிக்கு இது வரம்.

ஆனா எனக்கு முதல்தடவை பார்த்தப்போ கொஞ்சம் ஏமாற்றம்தான். அழைப்புக்குறி, இருக்கிற இடம், சிக்னல் வலு, 'போய்ட்டு வரேன்'. அவ்வளவுதான். நலமானு கேட்க இடமே இல்லை. பழைய ஹாம்கள் பலருக்கும் இதே குறை. "கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்குது, நாம எதுக்கு?"ங்கிறாங்க.

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனா நிரல் திறந்திருந்ததால புலம்பலோட முடியலை. 2018-ல ஜோர்டன் ஷெரர் அதே அடித்தளத்துல ஜே.எஸ்.8 கால் உருவாக்கினார். வேகம் குறைவு. ஆனா மனசுல பட்டதை எழுதிப் பேசலாம்.

டெய்லர் நிரலைப் பூட்டி வச்சிருந்தா இது நடந்திருக்காது. தூரத்தைக் கடக்கிற வழியை ஒருத்தர் கொடுத்தார். அதுல பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தது இன்னொருத்தர். எனக்கு இந்தக் கதையில பிடிச்சது அதுதான்.

அடுத்த வாரம் பார்ப்போம்.