479-ஆம் எண்

எம்டன் என்ற சொல் தமிழுக்கு வந்த கதை பலருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. 57 வருடம் கழித்து, 1971 நவம்பர் கடைசியில், இன்னொரு எதிரிக் கப்பல் சென்னைக்கு வெளியே வந்து தேடிவிட்டுப் போயிருக்கிறது. அது குண்டு எதுவும் போடவில்லை. ஊருக்குள் யாருக்கும் தெரியவும் இல்லை. பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் காஸி அது. தேடியது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை. விக்ராந்த் பத்து நாள் முன்னாடியே அந்தமானுக்குக் கிளம்பிவிட்டிருந்தது.

நான் தருமபுரிக்காரன். கடலே இல்லாத மாவட்டம். எங்களுக்குத் தெரிந்த கப்பல் ஒகேனக்கல் பரிசல்தான். வேலை மென்பொருள். அதனாலோ என்னவோ, எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதன் வரிசை எண்ணைத்தான் முதலில் தேடுவேன். காஸியின் எண் 479. அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பார்க்கப்போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

இரண்டாம் உலகப்போரின் கடைசியில் அமெரிக்கா கட்டியது டெஞ்ச் வகுப்பு. ஜப்பானை எதிர்க்கச் செய்த டீசல் நீர்மூழ்கிகள். 29 கப்பல்கள் முடிந்தன. வேலை செய்யும் விதம் நம் வீட்டு யூபிஎஸ் மாதிரிதான். மேலே மிதக்கும்போது டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், பேட்டரி சார்ஜ் ஏறும். மூழ்கினால் எஞ்சினுக்குக் காற்று கிடையாது, பேட்டரியில்தான் ஓட வேண்டும். யூபிஎஸ்ஸில் ஒரு பேட்டரி என்றால் இதில் 252 செல்கள். ஹவாயிலிருந்து ஜப்பான் வரை போய்வர வேண்டும் என்பதால் 11,000 கடல் மைல், அதாவது சுமார் 20,000 கிலோமீட்டர், எரிபொருள் நிரப்பாமல் போகும்படி கட்டினார்கள்.

மெய்ன் மாநிலத்துப் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் 1944 கடைசியிலும் 1945 தொடக்கத்திலும் அடுத்தடுத்துத் தண்ணீரில் இறங்கியவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 478 கட்லஸ், 479 டயாப்லோ, 481 ரெக்வின். மூன்றும் பசிபிக் போருக்குப் புறப்பட்டன. மூன்றுக்கும் சண்டை கிடைக்கவில்லை. டயாப்லோ 1945 ஆகஸ்ட் 10 அன்று முதல் போர் ரோந்துக்குக் கிளம்பியது. ஐந்தே நாளில் ஜப்பான் சரணடைந்துவிட்டது, கப்பலைக் குவாமுக்குத் திருப்பிவிட்டார்கள்.

செய்த காரியம் தீர்ந்துபோன பிறகு அவற்றை என்ன செய்வது? ரெக்வின் இன்று பிட்ஸ்பர்க்கில் ஆற்றோரம் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். கட்லஸ் 1973இல் தைவானுக்குப் போனது; ஹாய் ஷிஹ் என்ற பெயரில் எண்பது வயதை நெருங்கிய பின்னும் அந்தக் கடற்படையின் கணக்கில் இருந்தது. டயாப்லோ 1964 ஜூன் 1 அன்று பாகிஸ்தானுக்குக் கடனாகப் போனது. ஸ்பானிய மொழியில் பிசாசு என்று பொருள்படும் பெயர் போய், அறப்போர் வீரன் என்று பொருள்படும் பெயர் வந்தது.

1971இல் பாகிஸ்தானிடம் பிரான்சில் வாங்கிய புது நீர்மூழ்கிகளும் இருந்தன. ஆனால் கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்குப் போய், அங்கேயே காத்திருந்து திரும்பும் தெம்பு காஸிக்கு மட்டும்தான் இருந்தது. ஜப்பானுக்காக ஊற்றிய டீசல் தொட்டிதான் அதை விசாகப்பட்டினம் வரைக்கும் இழுத்து வந்தது. நவம்பர் 14 அன்று கிளம்பியது.

வருவதைக் காட்டிக்கொடுத்தது மசகு எண்ணெய். நீர்மூழ்கிகளும் கண்ணிவாரிக் கப்பல்களும் மட்டும் பயன்படுத்தும் ஒரு வகை எண்ணெயைப் பற்றிச் சிட்டகாங்குக்குப் போன செய்தி இந்தியக் கடற்படையின் காதில் விழுந்தது. கிழக்குக் கட்டளையின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் ஒரு நாடகம் போட்டார். அவர் பின்னால் எழுதிய நூலில் இதையெல்லாம் ரசித்துச் சொல்கிறார். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில்தான் நிற்கிறது என்று நம்பவைக்க வேண்டும். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை வெளியே அனுப்பி, பெரிய கப்பல் போல வயர்லெஸ்ஸில் நிறையப் பேசவைத்தார். கடைத்தெருவில் மளிகையும் காய்கறியும் மூட்டை மூட்டையாக ஆர்டர் போனது. அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்டு ஒரு மாலுமி அடிப்பது போன்ற தந்தி, தணிக்கை இல்லாமல் போனது.

இந்த நாடகத்தின் பாத்திரங்களைப் பாருங்கள். ராஜ்புத், பிரிட்டனின் ரோதர்ஹாம், 1942இல் கட்டியது. விக்ராந்த், பிரிட்டனின் ஹெர்குலிஸ். 1943இல் வேலை தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் நிறுத்திவைத்த கப்பல். கொதிகலனில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. தேடிவந்தது டயாப்லோ. 1945இல் ஒரே அணியில் இருந்த இரும்புகள் இவை. கால் நூற்றாண்டு கழித்து, நேற்றுவரை ஒரே நாடாக இருந்த இருவர் கையில் எதிரெதிராக நின்றன.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினக் கரையில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. காஸி 90க்கும் மேற்பட்டவர்களோடு போய்விட்டது. டெஞ்ச் வகுப்பில் போரில் மூழ்கியது இந்த ஒன்றுதான்.

யார் மூழ்கடித்தது? ராஜ்புத் போட்ட ஆழ்வெடிகள் என்றது இந்தியா. தான் விதைத்த கண்ணியிலேயே மாட்டியது, அல்லது உள்ளேயே வெடித்தது என்கிறது பாகிஸ்தான். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதுவே காரணமாக இருக்கலாம் என்பாரும் உண்டு. இந்தியக் கடற்படை தன் கோப்புகளை அழித்துவிட்டது என்று 2010இல் செய்தி வந்தது. 2017இல் வந்த ‘காஸி’ படத்தில் ஓர் இந்திய நீர்மூழ்கி கடலுக்கடியில் அதோடு சண்டை போடும். அந்த இரவு அங்கே இந்திய நீர்மூழ்கியே கிடையாது.

என்னைத் தொந்தரவு செய்வது இந்த விவாதத்தின் வடிவம்தான். கொன்றது யார் என்பதற்கு மூன்று நான்கு பதில் இருக்கிறது. செத்தது யார் என்று நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. ஆறே நாளில், டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தானின் ஹாங்கோர் நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 194 பேர் போனார்கள். அவர்களுக்கு டையூவில் நினைவிடம் இருக்கிறது. கப்பலோடு போன கேப்டன் முல்லாவின் பெயர் நமக்குத் தெரியும். காஸியின் கேப்டன் ஜாஃபர் முகமது கான் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு. பெரும்பாலும் மாட்டுச் சண்டைதான். மாட்டை மீட்கப் போய்ப் பட்டவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள், கவரப் போய்ப் பட்டவனுக்கும் நட்டிருக்கிறார்கள். யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான், பெயர் என்ன. அவ்வளவுதான் எழுத்து.

விக்ராந்த் 2014இல் உடைப்புக்குப் போய், அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் பைக்குக்குள் போனது. அந்த வண்டியைத் தருமபுரி பைபாஸில்கூடப் பார்க்கலாம். ராஜ்புத் 1976லேயே பழைய இரும்பாகிவிட்டது. 479 மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் அதை மறுபடி கண்டது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடவில்லை என்றார்கள். அதே விசாகப்பட்டினக் கடலில் ஜப்பானின் ஆர்ஓ-110 நீர்மூழ்கியும் கிடக்கிறது. 1944 பிப்ரவரியில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஜம்னாவும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து மூழ்கடித்தது. டயாப்லோவை எந்த எதிரிக்காகக் கட்டினார்களோ, அந்த எதிரியின் கப்பல்.