ஏட்டை மூடிக் கற்ற கலை



தேர்வுக் காலம் நெருங்கும்போதெல்லாம் என் இளமைக்கால நிகழ்ச்சியொன்று நினைவில் எழும். பீளமேட்டில் நான் பள்ளிச் சிறுவனாக இருந்த காலம் அது. அரையாண்டுத் தேர்வுக்கு முன் அறிவியல் நூலை மும்முறை முழுமையாகப் படித்தேன். முக்கிய வரிகளின் கீழ்க் கோடும் இட்டேன். ஆயினும் தேர்வில் தேறவில்லை. என் தந்தையார் பம்பு செய்யும் பட்டறையொன்றில் கடைசல் வேலை பார்த்தவர். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "புத்தகத்த மூடி வை, கண்ணு. மேட்டுல வெச்ச பம்பு ஆழக் கிணத்துத் தண்ணிய ஏன் இழுக்க மாட்டேங்குது, சொல்லு" என்றார். வளிமண்டல அழுத்தத்தின் இலக்கணத்தை ஒப்பித்தேன். கேட்ட வினாவிற்கு விடை சொல்லத் தெரியவில்லை. படித்தது வேறு, அறிந்தது வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

படித்ததை மீண்டும் பயிலும் முறைக்கு நெடிய வரலாறு உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் அச்சு நூல் இல்லை. ஏட்டுச் சுவடியும் அரிது. மாணவன் மணலில் விரலால் எழுதி, எழுதியதை வாயால் சொல்லிப் பழகினான். எண்சுவடி வாய்பாடுகளைச் சட்டாம்பிள்ளை முறைவைக்க, ஏனையோர் திருப்பிச் சொல்வர். பார்த்துப் படிக்க ஏடு இல்லாமையால், நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே அவர்களுக்கு இருந்த வழி.

1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான பள்ளியை மேற்பார்வையிட வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். இதனை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. பிறர்க்குச் சொல்லிக் கொடுப்பவன் தானும் திருத்தமாகக் கற்கிறான் அல்லவா?

நிற்க. திண்ணை முறையில் ஒரு குறையும் இருந்தது. பொருள் உணராமலே ஒப்பித்துவிட இயலும். பின்னர் அச்சு நூல் பெருகிற்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் எழுத்துத் தேர்வு பரவிற்று. நூல் எப்போதும் கையிலிருந்ததால், அதனை மூடிச் சொல்லிப் பார்க்கும் கட்டாயம் தளர்ந்தது. பழைய முறையின் நன்மை குறைந்தது. குறை மட்டும் நிலைத்தது.

மேலைநாட்டில் நினைவாற்றலை ஆய்வுக்கு உட்படுத்தியவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானியர். 1885-இல் அவர் வெளியிட்ட நூலின்படி, பொருளற்ற அசைத்தொடரை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை சொல்லியே பெறலாம். 2006-இல் அமெரிக்க அறிஞர் ரோடிகரும் கார்பிக்கும் கல்லூரி மாணவரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாரார் அறிவியல் பகுதியொன்றைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு கட்டத்தில் மட்டும் படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து மும்முறை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதற்சாராரே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் சுமார் 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தோர் சுமார் 61 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். தேர்வுக்கு முதல்நாள் இரவு தோன்றும் மனநிறைவு நம்மை ஏமாற்றுவது இதனால்தான்.

எனினும் அறிவியலுக்கு நினைவு மட்டும் போதாது. காரணமும் விளங்க வேண்டும். அதற்குக் கோவையே சான்று தருகிறது. 1893-இல் கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளியில் அதிகம் பயிலாதவர். அவர் ஆங்கிலேய அதிகாரியொருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துப் பொருள் சேர்த்து அதனை வாங்கினார். வாங்கியதை முற்றாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கே பொறி விளங்கும், பாடமும் அவ்வாறே.

என் தந்தையாரின் வினாவிற்கு விடையும் அவ்வழியே கிடைத்தது. பம்பு நீரை இழுப்பதில்லை. அது குழாயில் அழுத்தத்தைக் குறைக்க, வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரம் ஏறத்தாழ 10 மீட்டர். நடைமுறையில் அதனினும் குறைவு. ஆகவேதான் கொங்கு நாட்டு ஆழக் கிணறுகளில் பம்பை நீர்மட்டத்திற்கு அருகே, கிணற்றினுள் மேடையமைத்து வைத்தனர். இதனை ஒருமுறை படம் வரைந்து அறிந்தபின் நான் மறக்கவில்லை.

ஆதலின் நண்பர்களே, பாடத்தைப் பொருளுணர்ந்து படித்து நூலை மூடுங்கள். நினைவிலிருந்து எழுதுங்கள், படத்தை வரைந்து உறுப்புகளின் பெயரைக் குறியுங்கள், பிறகு நூலைத் திறந்து திருத்துங்கள். மறுநாளும், சில நாள் கழித்தும், அடுத்த வாரமும் அவ்வாறே செய்யுங்கள். தம்பி தங்கையரிடம் விளக்கிச் சொல்லுங்கள், அவர்கள் "ஏன்?" என்று கேட்கும் இடத்தில் நீங்கள் தயங்கினால், மீண்டும் படிக்க வேண்டிய இடம் அதுவே. ஆண்டிறுதித் தேர்வுக்கு நான் இவ்வாறே பயின்றேன், தேறினேன். அன்று மாலையும் தந்தையார் புதியதொரு வினாவுடன் திண்ணையில் காத்திருந்தார்.